விழுகிறவர்களுக்குப் பின்னால் நிற்கிறவள்

சாமுவேலுக்கு, நீ மறந்துவிட்டுப் போன சட்டைகளை அயர்ன் பண்ணி முடித்த கையோடு, அதே மேசையில் உட்கார்ந்து அம்மா எழுதுவது. மேசை இன்னும் சூடாக இருக்கிறது. எழுத்து கோணலாக வந்தால் அந்தச் சூட்டைக் குற்றம் சொல், என்னைச் சொல்லாதே. இன்றைக்கு எனக்கு ஓய்வு நாள். மேருவில் கையுறைத் தொழிற்சாலை என்னை விட்டுவிட்டு எப்படி ஓடுகிறது என்று தெரியவில்லை. நீ பிரிக்பீல்ட்ஸ் சபைக்கு ஊழியத்துக்குப் போன பிறகு வீட்டில் இரண்டு பேருக்குத்தான் சோறு. உங்கப்பா பழக்கத்தில் உன் தட்டையும் கழுவி வைக்கிறார். கேட்டால், "தூசி படியும்ல" என்கிறார்.

நேற்று நீ போனில் சொன்னாய். "அம்மா, ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் ஒரு பொண்ணுக்குப் பிசாசு வெரட்டுற விடுதலை ஜெபம் இருக்கு. மொத மொதல்ல நான்தான் நடத்தப் போறேன். நீங்க வந்து பின்னால நில்லுங்கம்மா. உங்கள மாதிரி யாரும் புடிக்க மாட்டாங்க." நான் உடனே, "வரேன்டா, ஆனா ஞாயித்துக்கிழம டபுள் சம்பளம்லா" என்றேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைகிற வரைக்கும் அப்படியே நின்றேன். உங்கப்பாதான் வந்து கேஸை மூடினார். "என்ன, மகன் பாஸ்டராயிட்டான்னு மயக்கமா?" என்றார். அவர் கேட்டதற்கு நான் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. மனுஷன் பயந்துபோய் எனக்கு ஒரு மைலோ கலக்கிக் கொண்டு வந்தார்.

உனக்கு இதை நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் உனக்குத் தெரியும். எந்த விஷயத்தை எடுத்தாலும் பாதி வழியில் அது ஒரு ஜோக்கில் போய் நின்றுவிடும். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாய். எழுதினால் சிரிப்பதற்கு ஆள் எதிரில் இல்லை. அதனால்தான் இந்தக் கஷ்டம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு மூடிவிட்டது. அதற்குப் பிறகு எழுத்துக் கூட்டப் படித்தது வேதத்தை வைத்துத்தான். என் எழுத்தில் பாதி சபைத் தமிழாக இருக்கும், பொறுத்துக்கொள். உன் சபைக்காரர்கள் இதைப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. நோட்டீஸ் போர்டில்கூட ஒட்டு, பிழையைத் திருத்திவிட்டு ஒட்டு.

ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரப்போகிற பெண்ணைப் பற்றி நீ சொன்னதையே திரும்பச் சொல்கிறேன், சரியா பார். காலேஜில் படிக்கிற பெண். கொஞ்ச நாளாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். சபைக்கு வருவதில்லை. அப்பா கூப்பிட்டால் பதில் இல்லை, சாப்பாடும் சரியில்லை. அவளுடைய அப்பா உன்னிடம் வந்து, "கீழ்ப்படியாமையின் ஆவி, தம்பி, முளையிலேயே கிள்ளணும்" என்று சொன்னார். அப்பா பேச்சைக் கேட்காத பெண்ணுக்கெல்லாம் ஆவி என்றால் உன் பெரியம்மாவிடம் ஒரு பட்டாளமே குடியிருந்திருக்க வேண்டும். இதோ பார், மறுபடியும் ஜோக். விடு. நான் சொல்ல வந்தது வேறு.

பின்னால் நிற்பது என்ன வேலை என்று முன்னால் நின்று ஜெபிக்கிறவர்கள் யாரும் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பாஸ்டர் தலையில் கை வைப்பார். ஆள் சாயும். அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, கூடவே நாமும் குனிந்து, தலை தரையில் மோதாமல் இறக்கிப் படுக்க வைக்க வேண்டும். பெண்கள் விழுந்தால் சேலை விலகும், பாவாடை ஏறும். அதற்காகப் பழைய மெரூன் திரைச்சீலையை வெட்டி ஓரம் தைத்த துணி ஒன்று எப்போதும் என் தோளில் கிடக்கும், மாமாக் டீக்கடையில் தே தாரிக் டீ ஆற்றுகிறவர் தோளில் துண்டு கிடக்கிற மாதிரி. உங்கப்பா சபைக்கு வரமாட்டார், தெரியுமே. லோரியைக் கீழே நிறுத்திவிட்டு மாமாக் கடையில் உட்கார்ந்திருப்பார். நான் இறங்கி வந்ததும், "இன்னிக்கி எத்தன கிளாஸ் விழுந்துச்சி? ஒண்ணும் ஒடையலியே?" என்று கேட்பார்.

பின்னால் நிற்கிறவளுக்கு நிறையத் தெரியும். உண்மையாக விழுகிறவர்களின் உடம்பு ஈரத் துணி மாதிரி வரும். சிலர் விழுவதற்கு முன்னால் லோரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொள்வார்கள். நான் நிற்கிறேன் என்று தெரிந்த பிறகுதான் ஆவியானவர் இறங்குவார். ஒரு சகோதரி எப்போதும் ஃபேனுக்குக் கீழேதான் விழுவார். இதையெல்லாம் சொல்லி நான் வீட்டில் உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் பிசாசு இல்லை என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்காதே. மேருவிலிருந்து ஒரு மனுஷனைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் என்னைப் பார்த்த பார்வையில் என் கை மயிர் எழுந்து நின்றது. ஜெபம் முடிந்து அவன் தூங்கி எழுந்து, "தண்ணி குடுங்க" என்று கேட்ட குரல் வேறு மனுஷனின் குரல். இன்றைக்கும் அவன் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறான். நான் கண்ணால் கண்டது அது. யுத்தம் உண்டு, சத்துரு உண்டு. அவன் எங்கே நிற்கிறான் என்பதில்தான் நான் ஏமாந்துபோனேன்.

நீ வேதாகமப் பள்ளிக்குப் போயிருந்த வருஷம் நடந்தது இது. கேரி தீவிலிருந்து ஒரு குடும்பம் நம் கிள்ளான் சபைக்கு வந்தது. அந்தப் பெண்ணைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம், பேரை மாற்றிவிட்டேன். புருஷன் எஸ்டேட்டில் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவன், நல்ல பையன்தான், முழித்துக்கொண்டு நின்றான். பேசியதெல்லாம் மாமியார். "புள்ள பொறந்ததுலேர்ந்து ஒருத்தர் கையிலயும் குடுக்க மாட்டேங்கிறா பாஸ்டர். தூங்குறதில்ல. நான் தொட வந்தா அடிக்கிறா. புருஷன் பேச்சையும் கேக்கறதில்ல. இது இவ இல்ல, வேற எதோ." செல்வி பிள்ளையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி இருந்தது.

நம் பாஸ்டர் கெட்டவர் இல்லை, சாமுவேல். அதை மனதில் வைத்துக்கொண்டு படி. உனக்குத் தமிழ் வேதம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவர். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பட்டினியாக உட்கார்ந்து ஜெபித்தவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். விடுதலை ஜெபம் நடக்கும்போது சின்னப் பிள்ளைகள் ஹாலில் இருக்கக் கூடாது. ஓடுகிற ஆவி பிள்ளைகளுக்குள் போய்விடும் என்பார். பிள்ளைகளைக் கீழே அனுப்புவது என் பொறுப்பு. அன்றைக்கும் என்னைத்தான் பார்த்தார். "சிஸ்டர், கொழந்தைய வாங்குங்க."

செல்வி கொடுக்கவில்லை. மாமியார் இழுத்தாள், புருஷன் கெஞ்சினான். நான்தான் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "குடு கண்ணு. நான் என்ன தூக்கிட்டு ஓடியா போயிடுவேன்? ஒம் புள்ள மூக்கப் பாரு, எவ்ளோ சப்ப. பாசார்ல வச்சாக்கூட ஒருத்தரும் வாங்க மாட்டாங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, சிரிப்பது எப்படி என்று ஞாபகம் வருகிற மாதிரி இருந்தது. கையைத் தளர்த்தினாள். பிள்ளையை வாங்கி மாமியாரிடம் கொடுத்துப் படியில் இறக்கிவிட்டேன். ஹால் முழுக்க என்னை மெச்சியது. எத்தனையோ பேர் இழுத்தும் வராததை என் ஒரு கேலி வாங்கிவிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்.

ஜெபம் ஆரம்பித்தது. நம் ஹால் டயர் கடைக்கு மேலே. நான் நிற்கிற இடம், விழுகிறவர்களைப் படுக்க வைக்கிற இடம், பின் ஜன்னல் ஓரம், அதற்கு நேர் கீழே கார் நிறுத்துகிற இடம். முன்னால் கீபோர்டு, டிரம், மைக். எல்லோரும் சத்தமாக ஜெபித்தார்கள். பாஸ்டர் தலையில் கை வைத்ததும் செல்வி விழவில்லை, எழுந்தாள். படியைப் பார்த்து நடந்தாள். "பிடிங்க" என்றார். நானும் இன்னொரு சகோதரியும் பிடித்து உட்கார வைத்தோம். மறுபடியும் எழுந்தாள். படுக்க வைத்தோம். கொஞ்ச நேரம் சும்மா கிடப்பாள், திடீரென்று உடம்பு வில்லாக வளையும். "பாருங்க, இயேசுவின் நாமத்தைக் கேட்டதும் எப்படித் துள்ளுது" என்று பாஸ்டர் மைக்கில் சொல்வார், சபை இன்னும் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லும்.

எனக்கு மட்டும் ஜன்னல் வழியாக இன்னொரு சத்தம் கேட்டது. கீழே பிள்ளை அழுதது. அழும், ஓயும், மறுபடியும் அழும். அது அழும்போதுதான் இவள் துள்ளினாள். ஓயும்போது இவளும் ஓய்ந்தாள். முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? அவளுடைய ரவிக்கையில் இரண்டு பக்கமும் பால் ஈரம் வட்டமாகப் பரவியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் என்றால், என் தோளில் கிடந்த மெரூன் துணியை எடுத்து அவள் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு மூடினேன். அதுதானே என் வேலை, மானம் போகாமல் மூடுவது. மூடிவிட்டு மறுபடியும் தோளைப் பிடித்தேன்.

ஏன் பிடித்தாய் என்று கேட்பாய். நானும் எத்தனையோ நாள் கேட்டுவிட்டேன். பாஸ்டர் சொன்னார், நான் கீழ்ப்படிந்தேன். சந்தேகப்படுவது பாவம் என்று பயந்தேன். நான் கையை எடுத்து, ஒருவேளை அது உண்மையிலேயே பிசாசாக இருந்து, கீழே இருக்கிற பிள்ளைமேல் போய்விட்டால் என்ற பயமும் இருந்தது. இது எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதுதான் உண்மை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடிப்பதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கினவள் நான்.

கடைசியில் பிள்ளையின் அழுகை நின்றது. அழுது அழுது தூங்கிவிட்டது. அந்த நிமிஷமே இவள் உடம்பு தளர்ந்து கண் மூடிக் கிடந்தாள். ஹால் அதிர்ந்தது. "விடுதலை, விடுதலை" என்று கை தட்டினார்கள். பாஸ்டர் கண்ணில் தண்ணீர். அவர் நம்பி அழுதார். எதனால் அவள் ஓய்ந்தாள் என்று அந்த ஹாலில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் தட்டினேன்.

கீழே இறங்கினால் உங்கப்பா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கார்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தாள். "அந்த அம்மாகிட்ட சொன்னேன், பசியில கத்துது, மேல கொண்டு போங்கன்னு. பாஸ்டர் வேணாம்னு சொல்லிட்டாராம். மேல ஒருத்தருக்குமா காது கேக்கல?" என்று என்னைக் கேட்டார். நான், "பாட்டுச் சத்தம்ங்க. ஒண்ணும் கேக்கல" என்றேன். இயேசுவைத் தெரியாது என்று சீஷன் சொன்னதும் சேவல் கூவியதே, இங்கே அது கூவாத குறைதான். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்தார். தூக்கத்திலும் அது விக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு செல்வி சாட்சி சொன்னாள். மாமியார் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். பிள்ளை மாமியார் மடியில் இருந்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோரும், "பாத்தீங்களா, எவ்ளோ சாந்தமாயிட்டா" என்றார்கள். எனக்கு அந்தச் சாந்தத்தைப் பார்த்தால்தான் பயமாக இருந்தது. பிறகு அவர்கள் வருவது நின்றுவிட்டது. எனக்கு இன்னொன்று ஆரம்பித்தது. கீபோர்டு வாசிக்கத் தொடங்கினால் போதும், அதற்கு அடியில் ஒரு பிள்ளை அழும். ஜன்னலை எட்டிப் பார்ப்பேன், கீழே யாரும் இருக்க மாட்டார்கள். தொழிற்சாலையில் மெஷின் ஓடுகிற சத்தத்திலும் கேட்கும். பக்கத்தில் வேலை செய்கிற அக்கா, "என்ன, அடிக்கடி திரும்பித் திரும்பிப் பாக்கறே, சூப்பர்வைசர லவ் பண்றியா?" என்று கிண்டல் பண்ணுவாள். "ஆமா, அவருக்கும் பல்லு இல்ல, எனக்கும் ஆச இல்ல" என்று நானும் எதாவது சொல்வேன். சொல்லும்போதே, இதே வாய்தானே அன்றைக்கு அந்தப் பிள்ளையை வாங்கியது என்று தோன்றும். உனக்குத் தெரியாது, அதற்குப் பிறகு நான் சொல்கிற ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னாலும் அந்த அரைச் சிரிப்பு வந்து நிற்கிறது.

பிறகு ஒரு நாள் பிரஷர் மாத்திரை வாங்க அரசாங்கக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றாள். செல்வி. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. பிள்ளை நடக்க ஆரம்பித்து, தண்ணீர் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கே கண்ணு?"

"இப்ப பரவால்ல சிஸ்டர். ஒரு தடவ ரொம்ப மோசமாயி இங்கதான் கூட்டிட்டு வந்தாங்க. டாக்டர் மாத்திர குடுத்தாங்க. ஒரு நர்ஸ் மிஸ்ஸிகிட்ட மாசம் ஒருக்கா வந்து பேசச் சொன்னாங்க. புள்ள பெத்தவங்களுக்கு இப்பிடி வரும்னாங்க. இப்ப தூங்குறேன்."

நான் கர்த்தருக்கு நன்றி என்று ஏதோ சொன்னேன். அவள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி உங்களுக்குக் கேட்டுச்சில்ல?" என்றாள்.

என் வாய் இருக்கிறதே, அப்போதும் சும்மா இருக்கவில்லை. "என்னது? எனக்குக் காது எப்பவோ ரிப்பேராயிடுச்சே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "பாப்பா அழுவறப்பல்லாம் உங்க கை லூசாச்சி. அப்பறம் மறுபடியும் இறுக்குனீங்க. நான் அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன் சிஸ்டர். சரி, அடுத்த தடவ விட்டுடுவாங்க. சரி, அதுக்கு அடுத்த தடவ விட்டுடுவாங்கன்னு." குரலில் கோபம் இல்லை. பஸ் வராததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அன்னிக்கோட பாலும் நின்னுடுச்சி. அதுக்கப்பறம் வரவே இல்ல."

"மன்னிச்சிரு கண்ணு" என்றேன். "ம்" என்றாள். அந்த "ம்" மன்னிப்பா, கேட்டுக்கொண்டேன் என்பதா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாருங்க, மூக்கு இன்னும் நீங்க சொன்ன மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அந்த வாரமே பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "எனக்குக் கேக்கலியே சிஸ்டர்" என்றார். உண்மைதான், அவருக்கு எப்படிக் கேட்கும், மைக் அவர் வாயருகில் இருந்தது. பிறகு வேதத்தை மூடி வைத்துவிட்டு, "இந்த மாதிரி யோசனயெல்லாம் சத்துரு கொண்டு வருவான், எடம் குடுக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. மறு வாரம் எனக்குச் சமையல் பொறுப்பு கிடைத்தது. முட்டி வலி, அதனால் பிடிக்கப் போவதில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். என் முட்டி உன் முட்டியைவிட நன்றாக இருக்கிறது, பந்தயம் கட்டுகிறாயா?

உனக்குச் சாமுவேல் என்று பேர் வைத்தது நான். வேதத்தில் வருகிற அந்தச் சாமுவேல் பையன் கதையை எல்லோரும் கீழ்ப்படிதலுக்குச் சொல்வார்கள். கூப்பிட்ட குரல் கேட்டதும் பையன் எழுந்து ஓடினான், அது கர்த்தர் என்று தெரியாமல் ஆலயத்து ஆசாரியர், கிழவர் ஏலியிடம் ஓடினான். எனக்கு இப்போதெல்லாம் ஏலியைத்தான் பிடிக்கிறது. அந்த மனுஷன் குறை நிறைந்தவர். பெற்ற பிள்ளைகளையே அடக்கத் தெரியாதவர். ஆனால் அந்த நேரத்தில், "நான் கூப்பிடல, போய்ப் படு" என்று சொன்னார் பார். "ஆமா, நான்தான் கூப்பிட்டேன், வந்து காலப் புடிச்சி விடு" என்று சொல்லியிருந்தால் சாமுவேல் ஆயுசுக்கும் கிழவர் காலைப் பிடித்துக்கொண்டு, அதுதான் கர்த்தருடைய ஊழியம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்பான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன்னிடம் ஜனங்கள் ஓடி வருவார்கள். நீ சொன்னால் பிடிப்பார்கள், நீ சொன்னால் விடுவார்கள். உன் குரலையும் அவர் குரலையும் அவர்கள் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. நீதான் சொல்ல வேண்டும், இது என் குரல்தான், அவர் குரல் இல்லை என்று. அந்தப் பெண்ணின் அப்பாவிடமும் சொல்ல வேண்டியிருக்கும். அவர் குரலும் கர்த்தர் குரல் இல்லை.

சத்துரு அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் உபவாசம் இருந்தோம், சர்வாயுதவர்க்கத்தையும் தரித்தோம், எல்லோரும் முன்னால் கிடந்தவளைப் பார்த்து அதட்டினோம். அவன் அங்கே கிடக்கவில்லை. ஒரு பிள்ளை அழுவது என் காதில் விழுந்ததே, அதற்கும் என் கை மறுபடியும் இறுகியதற்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் இருந்தது. அவன் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். "இறுக்கு" என்று அவன் சொன்னபோது அது பாஸ்டர் குரல் மாதிரியே கேட்டது. பாவம் என்றால் சாராயம், சினிமா, சீட்டு என்று நான் உனக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தேன். இந்த மூச்சு நேரத்தைப் பற்றிச் சொல்லித் தரவில்லை. எனக்கே தெரியாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். கொமுட்டர் ரயில் பிடித்து நேரத்தோடு வந்துவிடுவேன். அந்தப் பெண்ணை உபவாசம் இருக்கச் சொல்லியிருந்தால் அதை ரத்து பண்ணு. சாப்பிடாமல் கிடக்கிறவளை இன்னும் பட்டினி போட்டு என்ன பிடிக்கப் போகிறாய்? ஜெபத்துக்கு முன்னால் அவளை என்னோடு கீழே அனுப்பு, ஒரு வாழை இலைச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறேன். அவள் பேசினால் கேட்டுக்கொள்கிறேன், பேசாவிட்டால் அவள் பங்கு வடையை நான் சாப்பிடுகிறேன். ஜெபம் வேண்டுமா என்று அவளைக் கேள், அவள் அப்பாவை அல்ல. அவள் வேண்டாம் என்றால் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரைப் பார்க்கிறேன். வேண்டும் என்றால் ஜெபி, மனதார ஜெபி. உன் ஜெபத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் கீபோர்டை நிறுத்தச் சொல். மைக்கைக் கீழே வை. ஜன்னலையும் கதவையும் திறந்து வை. அந்தப் பெண்ணுக்கு எங்கே இருந்து என்ன சத்தம் கேட்கிறது என்று எனக்கும் உனக்கும் தெரியாது. நம் சத்தமாவது குறுக்கே நிற்க வேண்டாம்.

உங்கப்பாவும் வருகிறார். வழக்கம்போல மேலே ஏறமாட்டார், கீழே தே தாரிக் குடிப்பார். நேற்று அவரிடம் அன்றைக்கு நான் சொன்ன பொய்யைச் சொல்லிவிட்டேன். கழுவின உன் தட்டைத் துடைத்து வைத்தார். பிறகு, "தெரியும். அன்னிக்கே ஒன் மூஞ்சியில தெரிஞ்சிது. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மேலே இருந்து ஏதாவது சத்தம் கேட்டால் ஏறி வரச் சொல்லியிருக்கிறேன். "என்ன சத்தம்?" என்றார். "எதுவா இருந்தாலும்" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

உன் சட்டைகளைக் கொண்டு வருகிறேன். நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாயிற்று. அன்றைக்கு அதைப் போட்டுக்கொள், அதில்தான் கொஞ்சம் மனுஷன் மாதிரி தெரிவாய். மெரூன் துணியும் பையில் இருக்கிறது. துவைத்துத்தான் வைத்திருந்தேன், நேற்று மறுபடியும் ஒரு தடவை துவைத்தேன். அந்தப் பெண்ணுக்குக் குளிர் என்றால் போர்த்திக்கொள்ளக் கொடுப்பேன். வேறு எதற்கும் அதை எடுக்க மாட்டேன். நான் அவளுக்குப் பின்னால் நிற்பேன். விழுந்தால் பிடிப்பேன், தலை அடிபட விடமாட்டேன். எழுந்து போக வேண்டும் என்று அவள் தோள் அசைந்தால் கையை எடுத்துவிடுவேன். நீ பிடிக்கச் சொல்லி, சபையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாலும், உன் முதல் ஊழியத்தில் உன்னைப் பெற்றவளே உனக்குக் கீழ்ப்படியவில்லை என்று நாளைக்குப் பேசினாலும் எடுத்துவிடுவேன். முதல் தடவையிலேயே.

அம்மா